ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கத்தில் சேருவது எப்படி? புதிதாக ஓய்வு பெறுவோருக்கு ஒரு வழிகாட்டி

பிரிவுபசார விழா முடிந்து மாலையும் சால்வையுமாக வீடு வந்து சேரும்வரை எல்லாவற்றையும் பள்ளிக்கூடமே பார்த்துக்கொள்ளும். அதன் பிறகு வருகிற காகிதங்களை நீங்கள்தான் பார்க்க வேண்டும். பணியில் இருந்தபோது ஊதிய உயர்வு, அகவிலைப்படி நிலுவை, பிடித்தம் என்று எதுவானாலும் கேட்பதற்கு அலுவலகத்தில் ஒருவர் இருந்தார். ஓய்வூதியருக்கு அப்படி ஒருவர் கிடையாது. அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் சங்கம்தான்.

எங்கள் வட்டக் கிளையில் புது உறுப்பினர்களைச் சேர்க்கும் பொறுப்பில் இருக்கிறேன். சேர வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் அநேகமாக ஒன்றாகவே இருப்பதால் அவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது.

எப்போது சேரலாம்?

தமிழ்நாட்டில் ஓய்வு வயது 58 ஆக இருந்தது. 2020இல் 59 ஆனது, 2021இல் 60 ஆனது. கல்வியாண்டின் நடுவில் 60 முடிகிற ஆசிரியர்கள் ஆண்டு இறுதிவரை மறுநியமனத்தில் தொடர்வது வழக்கம். அவர்கள் பள்ளியிலிருந்து விடுவிக்கப்பட்ட பிறகு சேரலாம். மற்றவர்கள் ஓய்வூதியக் கொடுப்பாணை, அதாவது எல்லோரும் பி.பி.ஓ. என்று சொல்கிற அந்த ஆணை கைக்கு வந்த உடனே சேர்ந்துவிடுவது நல்லது.

"கொஞ்ச நாள் ஓய்வெடுத்துவிட்டு அப்புறம் வருகிறேன் சார்" என்பவர்கள் நிறைய. நான் அவர்களிடம், "சேர்வதைக்கூடத் தள்ளிப்போடுங்கள், பி.பி.ஓ.வை மட்டும் ஒருமுறை எங்களிடம் கொண்டுவந்து காட்டிவிடுங்கள்" என்பேன். அந்த ஆணை சென்னையில் உள்ள மாநிலக் கணக்காயர் அலுவலகத்திலிருந்து வருவது. அதில் பெயர், பிறந்த தேதி, கடைசியாக வாங்கிய ஊதியம், தகுதியுள்ள பணிக்காலம், துணைவரின் பெயர் எல்லாம் இருக்கும். முழு ஓய்வூதியத்துக்கு 30 ஆண்டு பணிக்காலம் வேண்டும். பணிக்காலத்தில் ஏதாவது ஒரு துண்டு விட்டுப்போயிருந்தால் ஓய்வூதியம் குறையலாம். இதைத் திருத்த வேண்டுமானால், உங்கள் கருத்துருவை, அதாவது ஓய்வூதியம் கேட்டுக் கணக்காயருக்குப் போன கோப்பை அனுப்பிய அதே தலைமையாசிரியரோ வட்டாரக் கல்வி அலுவலரோ மீண்டும் எழுத வேண்டும். உங்கள் பணிப்பதிவேட்டைப் பார்த்த ஆட்கள் அந்த நாற்காலியில் இருக்கும்போதே கேட்டால் வேலை நடக்கும். நான்கு ஆண்டு கழித்துப் போனால், அந்தப் பதிவேடு எந்த பீரோவில் இருக்கிறது என்று தேடுவதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

2003 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ பணியில் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்குள் வந்தவர்கள். அவர்களுடைய கணக்குவழக்கு வேறு, கோரிக்கைகளும் வேறு. சேருமுன், இந்தக் கிளையில் தங்களைப் போன்றவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களுடைய விஷயத்தைக் கூட்டத்தில் எடுக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

எந்தச் சங்கம்?

மூன்று வகை உண்டு. ஆசிரியர்களுக்கென்றே உள்ளவை முதல் வகை; தமிழ்நாடு ஓய்வுபெற்ற பள்ளி, கல்லூரி ஆசிரியர் நலச்சங்கம் போன்றவை. எல்லாத் துறை ஓய்வூதியரையும் சேர்த்துக்கொள்பவை இரண்டாவது வகை. தமிழ்நாடு அரசு அனைத்துத்துறை ஓய்வூதியர் சங்கம் இப்படிப்பட்டது. பணியில் இருந்தபோது நீங்கள் இருந்த ஆசிரியர் இயக்கத்தின் ஓய்வுபெற்றோர் பிரிவு மூன்றாவது வகை.

பணிக்காலத்தில் எந்த இயக்கத்தில் இருந்தோம், யார் பக்கம் நின்றோம் என்ற பழைய கணக்குகளை இங்கே கொண்டுவர வேண்டாம் என்பது என் கருத்து. ஓய்வூதியம், அகவிலைப்படி, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றில் எல்லாருக்கும் ஒரே பிரச்சினைதான். உங்கள் ஓய்வூதியம் எந்தக் கருவூலத்தில் இருந்து வருகிறதோ, அந்தக் கருவூலத்துக்குப் பக்கத்தில் எந்தக் கிளை உயிரோடு நடக்கிறது என்று பாருங்கள். மாநிலத் தலைமை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், உங்கள் ஊர்க் கிளை ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் கூடுகிறதென்றால் அவசரத்துக்கு உதவாது. மாதந்தோறும் கூட்டம் போடுகிற, செயலாளர் கைப்பேசியை எடுத்துப் பேசுகிற கிளைதான் உங்களுக்கு வேண்டியது. இரண்டு சங்கங்களில் உறுப்பினராக இருக்கிறவர்களும் உண்டு. பெரும்பாலும் யாரும் தடுப்பதில்லை.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் பதிவானதா என்று கேட்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை. பதிவான சங்கம் ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டி, வரவுசெலவைத் தணிக்கை செய்து, மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். நிர்வாகக் குழுவின் காலமும் அதிகபட்சம் மூன்று ஆண்டுதான். கடைசித் தேர்தல் எப்போது நடந்தது, போன ஆண்டுக் கணக்கு எங்கே என்று கேளுங்கள். ஒழுங்காக நடக்கிற கிளையில் இந்தக் கேள்விக்குக் கோபம் வராது, கோப்பை எடுத்துக் காட்டுவார்கள்.

எங்கே போய்ப் பிடிப்பது?

கருவூலம்தான் எளிய வழி. ஓய்வூதியர் உயிரோடு இருப்பதை உறுதிசெய்ய மாவட்டக் கருவூலத்திலும் சார் கருவூலத்திலும் நடக்கும் நேர்காணலுக்கு ஆட்கள் வருகிற நாட்களில், வாசலில் இரண்டு பெஞ்சைப் போட்டுக்கொண்டு சங்கத்தார் உட்கார்ந்திருப்பார்கள். படிவம் நிரப்பித் தருவார்கள், கண் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுவார்கள். அந்தப் பெஞ்சுக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். யார் பொறுமையாகப் பேசுகிறார்கள், உறுப்பினர் அல்லாதவர்களுக்கும் உதவுகிறார்களா என்பதெல்லாம் தெரிந்துவிடும். எந்தக் கிளையில் சேருவது என்று முடிவு செய்ய அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பக்கம் போக முடியாவிட்டால், உங்களுக்கு இரண்டு மூன்று ஆண்டு முன்னால் ஓய்வு பெற்ற எச்.எம். யாரையாவது கேளுங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் ஓய்வூதியர் குறைதீர் கூட்டத்துக்கும் எல்லாச் சங்க நிர்வாகிகளும் வருவார்கள்.

கையில் என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

பி.பி.ஓ. நகல், ஆதார் நகல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகல், பணி ஓய்வு ஆணையின் நகல், இரண்டு பாஸ்போர்ட் அளவுப் படம் போதும். மருத்துவக் காப்பீட்டு அட்டை வந்திருந்தால் அதன் நகலையும் வையுங்கள். துணைவரின் ஆதார் நகலைத் தவறாமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அசல் எதையும் கொடுத்துவிட்டு வரக் கூடாது. காட்டலாம், சரிபார்க்கச் சொல்லலாம், திரும்பக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்தும் போடக் கூடாது. ஓடிபி, ஏடிஎம் எண் இவையெல்லாம் எந்தச் சங்கத்துக்கும் தேவையில்லை. கருவூலத்திலிருந்து பேசுகிறோம், நேர்காணல் செய்யாததால் பென்ஷன் நின்றுவிடும், எண்ணைச் சொல்லுங்கள் என்று கைப்பேசியில் யாராவது கேட்டால் உடனே வைத்துவிடுங்கள். கருவூலம் ஓடிபி கேட்பதில்லை. புதிதாக ஓய்வு பெற்று, கையில் பணிக்கொடைப் பணம் வந்திருக்கும் ஆட்களைத்தான் இந்த மோசடிக்காரர்கள் தேடுகிறார்கள்.

படிவமும் சந்தாவும்

உறுப்பினர் விண்ணப்பம் ஒரு பக்கம்தான் இருக்கும். பெயர், கடைசியாகப் பணியாற்றிய பள்ளி, பதவி, ஓய்வு பெற்ற நாள், பி.பி.ஓ. எண், கருவூலம், முகவரி, வாரிசு. பெயரை பி.பி.ஓ.வில் உள்ளபடியே எழுதுங்கள். இன்ஷியலைத் தமிழில் போடுவதா ஆங்கிலத்தில் போடுவதா என்பதையும் அதைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

பணம் கட்டும்போது எதற்காக எவ்வளவு என்று பிரித்துக் கேட்க வேண்டும். சேர்க்கைக் கட்டணம், ஆண்டுச் சந்தா அல்லது ஆயுள் சந்தா, சங்க இதழுக்கான சந்தா எல்லாம் தனித்தனி. மாநாட்டு நிதி, வழக்கு நிதி, கட்டட நிதி என்று அவ்வப்போது கேட்பார்கள், அவை நன்கொடைகள். முடிந்தால் கொடுக்கலாம். எதற்குக் கொடுத்தாலும் ரசீது வாங்குங்கள். முதல் ஆண்டே ஆயுள் சந்தா கட்ட வேண்டாம் என்று நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஓர் ஆண்டு வந்து பாருங்கள், பிடித்திருந்தால் கட்டுங்கள்.

இங்கே அடிக்கடி ஒரு குழப்பம் வரும். சில சங்கங்கள் உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்குக் கொடுப்பதற்கென்று தனியாக ஒரு நல நிதி வைத்திருக்கும். அரசு நடத்தும் ஓய்வூதியர் குடும்பப் பாதுகாப்பு நிதி என்பது வேறு. அதற்கான சந்தா ஓய்வூதியத்திலேயே மாதந்தோறும் பிடிக்கப்படுகிறது. ஓய்வூதியர் இறந்தால் துணைவருக்கு 50,000 ரூபாய் கிடைக்கும். சங்கத்தின் நிதியில் சேருவதாக இருந்தால் துணைவிதிகளை வாங்கி, எத்தனை ஆண்டு சந்தா கட்டியிருக்க வேண்டும், இடையில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று படித்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

துணைவரையும் அழைத்து வாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால், அது இந்தப் பகுதியாக இருக்கட்டும். சங்கத்தின் உதவி உங்களுக்குத் தேவைப்படுவதைவிட, உங்களுக்குப் பின் உங்கள் மனைவிக்கோ கணவருக்கோதான் அதிகம் தேவைப்படும். ஆனால் நம் ஆசிரியர்களில் பலர் முப்பது ஆண்டு வேலை பார்த்த பிறகும், எந்தக் கருவூலத்தில் பென்ஷன் வருகிறது என்பதைக்கூட வீட்டில் சொல்லியிருக்க மாட்டார்கள். எல்லாக் காகிதமும் பீரோவில் ஒரு பையில் இருக்கும். அந்தப் பையில் எது எது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஓய்வூதியர் இறந்த பின் துணைவருக்கு வருவது குடும்ப ஓய்வூதியம். கிளைக்கு வரும் அந்த விண்ணப்பங்களில் தாமதத்துக்குப் பெரிய காரணம் பெயர்தான். பி.பி.ஓ.வில் கணவர் பெயரின் முதலெழுத்தோடு 'மு. விஜயலட்சுமி' என்று இருக்கும். ஆதாரில் இன்ஷியலே இல்லாமல் 'விஜயலெட்சுமி' என்று இருக்கும். வங்கிப் புத்தகத்தில், கல்யாணத்துக்கு முன்னால் தொடங்கிய கணக்கானால், அப்பா பெயரின் முதலெழுத்தோடு 'எஸ். விஜயா' என்று இருக்கும். மூன்றும் ஒருவர்தான் என்பது ஊருக்கே தெரியும். கருவூலத்தில் இருப்பவர் காகிதத்தைத்தான் பார்க்க முடியும். இருவரும் ஒருவரே என்று வட்டாட்சியரிடம் சான்று வாங்கிவரச் சொல்லுவார். கணவரை இழந்து ஒரு மாதம்கூட ஆகாத அம்மா அந்தச் சான்றுக்காகப் பேருந்து ஏறி அலைவார்.

இருவரும் நலமாக இருக்கும்போதே இதைச் சரிசெய்துவிட்டால் ஒன்றுமே இல்லை. பி.பி.ஓ.வில் உள்ள எழுத்துகளை அடிப்படையாக வைத்துக்கொண்டு ஆதாரையும் வங்கிக் கணக்கையும் அதற்கேற்ப மாற்றுவதுதான் பெரும்பாலும் சுலபம். பி.பி.ஓ.விலேயே பிழை என்றால், கருத்துரு அனுப்பிய அலுவலகம் வழியாகக் கணக்காயருக்கு எழுதித் திருத்த வேண்டும். எழுதும் முறையைச் சங்கத்தில் சொல்லித் தருவார்கள். துணைவரின் பிறந்த தேதியையும் பாருங்கள். ஓய்வூதியருக்கு 80 வயது முடிந்தால் 20 சதவீதமும், 85இல் 30, 90இல் 40, 95இல் 50, நூறு வயதில் 100 சதவீதமும் கூடுதல் ஓய்வூதியம் உண்டு. குடும்ப ஓய்வூதியருக்கும் இது பொருந்தும். பிறந்த தேதி பதிவில் இல்லையென்றால் அந்த அம்மாவின் 80 வயதை யார் எதை வைத்துச் சொல்வது?

மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தால், பெற்றோர் இருவருக்கும் பிறகு அந்தப் பிள்ளைக்குக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க வழி உண்டு. மருத்துவச் சான்றையும் மற்ற பதிவுகளையும் பெற்றோர் இருக்கும்போதே செய்துவைப்பது மிக முக்கியம். சேரும் நாளிலேயே கிளைச் செயலாளரிடம் இதைத் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

சேர வரும்போது துணைவரையும் கூட்டிவந்து, செயலாளரையும் பொருளாளரையும் அறிமுகம் செய்துவையுங்கள். அவர்கள் எண்களைத் துணைவரின் கைப்பேசியில் பதிந்துவையுங்கள். துணைவர் பெயரில் தனியாக ஒரு வங்கிக் கணக்கும் இருக்கட்டும். ஓய்வூதியர் இறந்தால் முதலில் கருவூலத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அதன்பின் கணக்கில் ஏறிய தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும் என்பதையும் அவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். இதைப் பேசுவதில் அபசகுனம் ஒன்றும் இல்லை.

முதல் கூட்டம்

இரங்கல் தீர்மானத்தோடு தொடங்கும். புதிதாக வருகிறவர்களுக்கு அது கொஞ்சம் மனத்தைக் கனக்கச் செய்யும், பழகிவிடும். பிறகு அந்த மாதம் வந்த அரசாணைகளைப் படித்து விளக்குவார்கள். அகவிலைப்படி எத்தனை சதவீதம், நிலுவை எப்போது, கருவூலத்தில் என்ன புது நடைமுறை என்று எல்லாம் வரும். 80 வயது நிறைந்தவர்களுக்குச் சால்வை போர்த்துவார்கள். கடைசியில் உறுப்பினர்கள் அவரவர் குறையைச் சொல்லும் நேரம். முக்கியமானது அந்த நேரம்தான். டீ குடித்துவிட்டுப் பலர் அதற்கு முன்பே கிளம்பிவிடுகிறார்கள். இருந்து கேளுங்கள். இன்று இன்னொருவர் சொல்லும் சிக்கல், அடுத்த ஆண்டு உங்களுக்கு வரலாம்.

மேடையில் உட்கார்ந்திருப்பவர் ஒருகாலத்தில் உங்கள் பள்ளியை ஆய்வு செய்த அதிகாரியாக இருக்கலாம். இங்கே அவரும் உறுப்பினர், நீங்களும் உறுப்பினர். "அய்யா" என்று மரியாதையாகக் கூப்பிட்டே வரவுசெலவுக் கணக்கைக் கேட்கலாம்.

பெண்கள் கூட்டத்துக்குக் குறைவாகத்தான் வருகிறார்கள். ஆசிரியர் பணியில் இவ்வளவு பெண்கள் இருந்தும், கிளை நிர்வாகத்தில் டீச்சர்களைப் பார்ப்பது அரிது. மாலை நேரக் கூட்டம், தூரம், பேரப்பிள்ளைகள் என்று காரணங்கள் இருக்கின்றன. கூட்டத்தைக் காலையில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வாருங்கள். குடும்ப ஓய்வூதியர்களும் உறுப்பினராகச் சேரலாம் என்பது பல சங்கங்களின் விதியிலேயே இருக்கிறது. அது தெரியாமல் வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்கள் அதிகம்.

முதல் ஆண்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஆண்டுக்கு ஒருமுறை நேர்காணல் உண்டு. கருவூலத்துக்கு நேரில் போகலாம். போக முடியாதவர்கள் ஜீவன் பிரமாண் முறையில் மின்னணு வாழ்நாள் சான்று கொடுக்கலாம். 70 ரூபாய் கட்டணத்துக்குத் தபால்காரர் வீட்டுக்கே வந்து கைரேகை வைத்து முடித்துக் கொடுப்பார். சுண்ணக்கட்டி பிடித்துத் தேய்ந்த விரல்களில் ரேகை விழாமல் போவது நமக்குப் புதிதல்ல. முக அடையாளத்தின் மூலமும் செய்யலாம், கேளுங்கள்.

மருத்துவக் காப்பீட்டுக்கு, 2022 ஜூலையில் தொடங்கிய திட்டத்தில் மாதச் சந்தா 497 ரூபாய், நான்கு ஆண்டுகளுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்று வைத்தார்கள். திட்டக்காலம் மாறும்போது தொகையும் மருத்துவமனைப் பட்டியலும் மாறும். அவசரத்தில் பட்டியலில் இல்லாத மருத்துவமனைக்குப் போய்விட்டாலும் மனுவை விட்டுவிடாதீர்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவுக்கு விண்ணப்பித்துப் பணம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, ஒவ்வொரு பில், மருந்துச் சீட்டு என்று எதையும் தூக்கிப்போடாமல் வைத்திருக்க வேண்டும். மனு எழுதுவதற்குச் சங்கத்தில் பழகிய கை ஒன்று கட்டாயம் இருக்கும்.

கம்யூடேஷன், அதாவது ஓய்வூதியத்தில் ஒரு பகுதியைத் தொகுத்து முன்கூட்டியே வாங்கியவர்களுக்கு, 15 ஆண்டு கழித்து அந்தப் பகுதி திரும்ப வரும். அந்தத் தேதியை இன்றே ஒரு தாளில் எழுதி பி.பி.ஓ. நகலோடு ஒட்டிவையுங்கள்.

டிசம்பர் 17 ஓய்வூதியர் நாள் கூட்டத்துக்கு அவசியம் போங்கள். 1982இல் அந்த நாளில்தான் நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வூதியம் என்பது அரசு மனமிரங்கிக் கொடுப்பது அல்ல, உழைப்புக்கான உரிமை என்று தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கைப் போட்டவர்களில் தனி ஓய்வூதியர்களோடு ஓர் அமைப்பும் இருந்தது. 70 வயதில் 10 சதவீதம் கூடுதல் ஓய்வூதியம் வேண்டும் என்ற கோரிக்கையையும் சங்கங்கள்தான் விடாமல் எழுப்பிவருகின்றன.

ஊர் மாறினால்

மகன் வீடு, மகள் வீடு என்று வேறு மாவட்டத்துக்குப் போகிறவர்கள் ஓய்வூதியத்தை அந்த ஊர்க் கருவூலத்துக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். மாற்றியதும் பழைய கிளையில் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு புது ஊர்க் கிளையில் கொடுங்கள், உறுப்பினர் பதிவு தொடரும். ஆயுள் சந்தா கட்டியவர்கள் ரசீதின் நகலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வெளிநாட்டில் பிள்ளைகளோடு சில மாதம் தங்குகிறவர்கள் நேர்காணல் மாதத்தைப் பார்த்துப் பயணத்தை வைத்துக்கொள்வது நல்லது. முடியாவிட்டால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் வாழ்நாள் சான்று வாங்கிக் கருவூலத்துக்கு அனுப்பலாம். கிளம்புவதற்கு முன் செயலாளரிடம் அந்த நாட்டு எண்ணையும் ஒரு மின்னஞ்சலையும் கொடுத்துவிட்டுப் போங்கள். கருவூலத்திலிருந்து ஏதாவது கேட்டு வந்தால் அவர் உங்களுக்குச் சொல்ல முடியும்.